நாய்களின் கூறு

மாமா,

சனிக்கிழமை அம்மாவும் நானும் ஜான்-டலோன் சந்தைக்குப் போயிருந்தோம். கத்தரிக்காய் வாங்கிவிட்டு இறைச்சிக் கடைகள் இருக்கும் வரிசைக்குத் திரும்பினோம். அங்கே ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் பன்றியின் பின்னங்கால் ஒன்று தொங்கியது. தோல் உரிக்காத கால். கறுப்பும் மண்ணிறமும் கலந்த முரட்டு மயிர், கீழே பிளந்த குளம்பு. பக்கத்து அட்டையில் 'சங்லியே' என்று பிரெஞ்சில் எழுதியிருந்தார்கள், காட்டுப்பன்றி. யாரோ கடைக் கதவைத் திறந்தார்கள். ஈர மண்ணும் உக்கிய இலையும் சேர்ந்த அந்த மணம் வெளியே வந்தது.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"வா, பஸ் போயிடும்."

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. புவியியல் புத்தகத்தை விரித்து வைத்துவிட்டு எழுந்து போகிறேன். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் மூடுகிறேன். சமையலறையிலிருந்து வாசல் கதவு வரைக்கும் நடக்கிறேன், திரும்பி வருகிறேன். "மாமா மாதிரி நடக்காத," என்று அப்பா சொன்னார். சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு செய்தித்தாளை எடுத்தார். அதனால்தான் இப்போது இருந்து எழுதுகிறேன். நீங்கள் கடிதம் வாசிக்கிற ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஊரிலிருந்து உங்களுக்கு வருகிற கடிதங்களைக்கூட என்னிடம் நீட்டி, "பண்டிதை, நல்ல சேதியை மட்டும் முதல்ல வாசி," என்பீர்கள்.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவின் கடைசித் தம்பியை அதுவரை ஒரு படத்தில்தான் பார்த்திருந்தேன். மன்னாருக்கு உள்ளே, காட்டோரத்தில் ஒரு வளவு. அதில் ஒல்லியான ஒருவர். அவருடைய இடுப்பை முட்டிக்கொண்டு இரண்டு நாய்கள். படத்தில் மூவருமே எங்கோ புறப்படப் போகிறவர்கள் போல நின்றீர்கள். பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் மூன்றாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டின் முன்னறைச் சோபா உங்கள் படுக்கை ஆனது. காலையில் போர்வையை மடித்து வைத்துவிட்டு யன்னலடியில் நிற்பீர்கள். பிறகு கதவடியில். பிறகு மறுபடி யன்னலடியில்.

"தம்பி, ஒரு இடத்தில இரன். பாக்கிற எனக்குத் தலை சுத்துது," என்பார் அம்மா.

"இருந்தா எனக்குச் சுத்துது அக்கா."

கோடையில் சனி, ஞாயிறு காலைகளில் எங்கள் தெருவுக்கு ஒரு வான் வரும். ஆட்களை ஏற்றிக்கொண்டு நகரத்துக்கு வெளியே மரக்கறித் தோட்டங்களுக்குப் போகும். வெள்ளரிக்காயும் பீன்ஸும் பறிக்கிற வேலை. அம்மாவும் நீங்களும் போனீர்கள். பிரெஞ்சு கதைக்க ஓர் ஆள் வேண்டும் என்று இரண்டாவது கோடையில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். எனக்கு அது பெரிய பெருமை. பள்ளியில் நான் படித்த பிரெஞ்சு, தெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்குவதற்கு அப்பால் ஒரு காரியத்துக்கு உதவியது அப்போதுதான்.

தோட்டத்துக்கு அடுத்த காணியில் ஒருவர் காட்டுப்பன்றி வளர்த்தார். உயரமான கம்பிவேலி, உள்ளே சேறு, சேற்றுக்குள் ஒரு கூட்டம் பன்றி. உணவகங்களுக்கு விற்பதற்காக. நான் விசாரித்துச் சொன்னபோது நீங்கள் நம்பவே இல்லை.

"வேலிக்குள்ளையோ? காட்டுப்பன்றியையோ? அதுக்கு ஆர் சோறு வைக்கிறது?"

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேலியோரம் போனீர்கள். நானும் பின்னால் வந்தேன். பன்றியைப் பார்க்கப் போனவர் பன்றியைப் பார்க்கவில்லை. கொட்டிலுக்குப் பக்கத்தில் சங்கிலியில் கட்டியிருந்த இரண்டு நாய்களைப் பார்த்துக்கொண்டு, கையில் பாண் துண்டோடு, நின்றுவிட்டீர்கள்.

அவ்வளவு பெரிய நாய்களை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஒன்று சாம்பல் நிறம், மற்றது புலியைப் போல வரி விழுந்தது. குதிரைக் குட்டிக்கு இருப்பதுபோல நீண்ட கால்கள். ஆனால் காது தொங்கியது, கன்னம் மடிந்து வழிந்தது, மார்பு ஒரு பீப்பாய் அளவு அகலம். அடுத்த வாரம் நூலகத்திலிருந்து நாய்களைப் பற்றிய தடித்த கலைக்களஞ்சியம் ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தேன். புல்லில் வைத்துப் பக்கம் பக்கமாகத் தேடினோம். ஒரு பக்கத்திலும் அவை இல்லை.

"கலப்பு," என்றீர்கள். "உயரம் ஒண்டின்ர, மூக்கு ஒண்டின்ர. எங்கடையும் இப்பிடித்தான். ஊர் நாய்க்கு மணம் பிடிக்கத் தெரியும், ஆனா பன்றி ஒரு தட்டுத் தட்டினா அது பறந்துபோய் விழும். அதுதான் பெரிய நாயோட சேக்கிறது. புத்தகத்தில வராத நாய்தான் பன்றி பிடிக்கும், பண்டிதை."

பண்ணைக்காரர் எங்களைக் கண்டு வந்தார். சிவந்த முகம், தள்ளிய வயிறு, சிரித்தால் தோள்களும் சேர்ந்து குலுங்கும். நான் அவரை முசியூ என்று கூப்பிட்டேன். நாய்களை ஒரு வேட்டைக்காரரிடம் வாங்கினாராம், காவலுக்கு வைத்திருக்கிறாராம், தின்பதும் நித்திரை கொள்வதும் தவிர அவை வேறு எதுவும் செய்து கண்டதில்லையாம். சாம்பல் நிறம் பெட்டை, பெயர் பிஜு. நகை என்று அர்த்தம். வரி விழுந்தது ஆண், தொனேர், இடி. நான் அதைத் தமிழில் சொன்னதும் நீங்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

"கண்டுக்குட்டி அளவில ஒரு நகை! கொம்மாவுக்குச் சொல்லு, நல்லநாள் பெருநாளுக்குக் கழுத்தில போடச் சொல்லி."

அந்தக் கோடை முழுக்க மதியங்களில் நீங்கள் அங்கேதான். முசியூவும் சங்கிலியை அவிழ்க்க விட்டார். ஒருநாள் அம்மா வெள்ளரி வரிசையிலிருந்து நிமிர்ந்து பார்த்து என் முழங்கையில் தட்டினார். நீங்கள் கால் மடித்துப் புல்லில் இருந்தீர்கள். பிஜுவின் தலை உங்கள் மடியில், தொனேர் உங்கள் முதுகில் சாய்ந்தபடி. "பார், இவன் இருக்கிறான்," என்றார் அம்மா. அதிசயத்தைச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார்.

பன்றிகளுக்குத் தீனி வைக்கவும் நாய்களைப் பார்க்கவும் குளிர்காலத்துக்கு ஓர் ஆள் தேவை என்று முசியூ சொன்னது ஆவணியில். கொட்டிலின் மேலே விறகடுப்போடு ஓர் அறை இருந்தது. என்னை அனுப்பிக் கேட்கச் சொன்னீர்கள். யோசிக்கிறேன் என்றார் அவர். வெப்ப நாட்டுக்காரர், மாசிப் பனியைத் தாங்குவாரா? அடுத்த வாரமும் கேட்கச் சொன்னீர்கள். அதற்கடுத்த வாரமும். இந்த நாட்டுக்கு வந்து நீங்கள் வாய்விட்டுக் கேட்டது அந்த அறை ஒன்றைத்தான். வீட்டில் தேநீர் குடிக்கும்போதுகூட, "கதவைத் திறந்தா நேரா வெளி," என்று உங்களுக்கே சொல்லிக்கொள்வீர்கள்.

ஐப்பசியில் வேலி ஒரு பக்கம் சரிந்து பெரிய ஆண்பன்றி தப்பிப் போனது. அடுத்த காணிக்காரரின் சோளத்தை உழுது போட்டது. அவர் வழக்குப் போடுவேன் என்று நின்றார். முசியூ துப்பாக்கியோடு காத்திருந்து பார்த்தும் அது வயலை ஒட்டிய தோப்பை விட்டு வெளியே வரவில்லை. நான் கொடுத்து வைத்திருந்த எண்ணுக்குத் தொலைபேசி எடுத்தார். உன் மாமா நாய்களோடு போய் இதை முடித்துத் தந்தால் அறையும் வேலையும் அவருக்கே என்றார். நான் சொல்லி முடிக்கமுதல் நீங்கள் சப்பாத்தைத் தேடத் தொடங்கிவிட்டீர்கள்.

அம்மா அடுப்பை நிறுத்திவிட்டு வந்தார். "இஞ்ச வந்து பன்றி குத்திச் செத்தான் எண்டு நான் ஊருக்கு எழுதவோ?"

"இந்தச் சோபாவில இருந்து செத்தான் எண்டு எழுதிறதிலும் அது பரவாயில்லை அக்கா."

அம்மா சிரிக்கவில்லை. நான் வண்டியை விட்டு இறங்கக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டு, பூசணி பறிக்கப் போன வானில் எங்கள் இருவரையும் ஏற்றிவிட்டார்.

அந்தக் காலையில் பார்த்த மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மண்வெட்டிப் பிடியின் நுனியில் நீளக் கத்தியை வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினீர்கள். பழைய குதிரைச் சேணத்தின் தோலை வெட்டி நாய்களின் கழுத்தைச் சுற்றி அகலமாகக் கட்டினீர்கள், பன்றியின் கொம்பு போன்ற கோரைப்பல் தொண்டையில் ஏறாமல் இருக்க. முசியூ தந்த ரப்பர் பூட்ஸ் உங்கள் காலுக்குப் பெரிது. அவர் தோப்பின் அந்தப் பக்கம் துப்பாக்கியோடு போனார். நான் வயலோரம் அவருடைய வண்டிக்குள், கண்ணாடியை இறக்கிவிட்டு, காதைக் கொடுத்தபடி இருந்தேன். மடியில் ஒரு புத்தகம் இருந்தது. திறக்கவில்லை.

நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு தொனேர் குரைத்தான், விட்டு விட்டு, ஓடிக்கொண்டே. பிறகு இரண்டும் ஒரே இடத்தில் நின்று விடாமல் குரைத்தன. திடீரென்று பிஜுவின் குரல் மட்டும் நின்றது. வாயில் பிடி இருந்தால் நாய் குரைக்காது என்பது எனக்கு அப்போது தெரியாது. செத்துவிட்டாள் என்று நினைத்தேன். பன்றி ஒரு முறை கத்தியது. இரும்பை இரும்பில் இழுத்தது போல. அதன் பிறகு காற்று மட்டும்.

"பண்டிதை! வா!"

நான் கொடுத்த வாக்கை வண்டிக்குள்ளேயே விட்டுவிட்டு ஓடினேன்.

தேவதாரு மரங்களுக்கு அடியில் பன்றி சரிந்து கிடந்தது. அதன் ஒரு காது கிழிந்து தொங்கியது. பிஜு அதைப் பிடித்துத் தொங்க, தொனேர் முன்னால் நின்று மறிக்க, நீங்கள் பின்னால் போய்க் குத்தியிருக்கிறீர்கள். பிஜுவின் விலாவில் நீளமாக ஒரு வெட்டு. உங்கள் சேர்ட்டைக் கழற்றி அவளைச் சுற்றிக் கட்டியிருந்தீர்கள். "ஆழமில்லை, தோல்தான்," என்றீர்கள். உங்கள் பற்கள் குளிரில் அடித்துக்கொண்டன.

முசியூ மூச்சு வாங்க வந்தார். பன்றியைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், முதுகில் ஓங்கி அடித்தார். "அறை அவருடையது! சொல்லு, சொல்லு அவருக்கு!" நான் சொன்னேன். நீங்கள் தொப்பியைக் கழற்றி அதனால் முகத்தைத் துடைத்தீர்கள், துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். அவர் தன் ஜாக்கெட்டை உங்கள் மேல் போட்டுவிட்டு, டிராக்டர் எடுத்து வரப் போனார். ஓடையைச் சுற்றிப் பாலத்தால் வரவேண்டும், நேரமெடுக்கும்.

அந்த நேரத்தில்தான் நீங்கள் கூறு போட்டீர்கள்.

அதற்கு யாரையும் கேட்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. வேட்டையில் விழுந்ததை விழுந்த இடத்திலேயே பிரிக்க வேண்டும் என்று நீங்கள் எத்தனையோ தடவை சொன்ன கதைகளில் கேட்டிருந்தேன். காட்டில் நின்ற ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு கூறு, ஒவ்வொரு நாய்க்கும் ஒரு கூறு, எல்லாம் ஒரே அளவு. குத்து வாங்கிய நாய்க்கு மேலதிகமாக ஈரல். தேவதாருக் கிளைகளை ஒடித்துப் பரப்பினோம். நீங்கள் வெட்டிய வேகத்தை என்னால் கண்ணால் பின்தொடர முடியவில்லை. ஐந்து குவியல். நாய்கள் இரண்டும் தள்ளிப் படுத்து, மூக்கு மட்டும் அசைய, பார்த்துக்கொண்டிருந்தன.

"சரி, திரும்பி நில்."

நான் குவியல்களுக்கு முதுகைக் காட்டிச் சோள வயலைப் பார்த்து நின்றேன். எது யாருக்கு என்று பார்க்காத ஆள் சொல்லவேண்டும், அப்போதுதான் சண்டை வராது.

"இது ஆருக்கு?"

"தொனேருக்கு."

"அட, தொடையெல்லோ அவனுக்கு! இது?"

"முசியூவுக்கு."

"இது?"

"எனக்கு."

"பண்டிதைக்கு முழுக்க எலும்பு. பாத்துச் சொல்லியிருக்கலாம்."

"பாக்கக்கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்!"

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது டிராக்டர் வந்தது.

முசியூ இறங்கினார். குவியல்களைப் பார்த்தார். சிரிப்பு அவர் முகத்தில் கொஞ்ச நேரம் மறந்துபோய் நின்றது, பிறகு போய்விட்டது. அவர் வேகமாகப் பேசினார். நான் ஒவ்வொன்றாகப் பிடித்து உங்களிடம் கொடுத்தேன்.

"மாமா, பன்றி முழுசா வித்தாச்சாம். ஒரு உணவகக்காரர் விருந்துக்குக் கேட்டவராம். தலையைப் பதப்படுத்திச் சுவரில வைக்கப் போறவையாம். ஆர் வெட்டச் சொன்னதெண்டு கேக்கிறார்."

உங்கள் முகம் சுருங்கியது. உங்களுக்கு உண்மையாகவே வெட்கமாகிவிட்டது. "எனக்குத் தெரியாது எண்டு சொல்லு. தெரிஞ்சிருந்தா வெட்டியிருக்க மாட்டன். அவர் வளத்த பன்றி, அவர் கோவிக்கிறது சரி." நான் சொன்னேன். முசியூ கொஞ்சம் தணிந்தார். எல்லாவற்றையும் டிராக்டரின் முன்வாளியில் போடு, இறைச்சியாகவாவது விற்கிறேன் என்றார். நீங்கள் உங்கள் கூறைத் தூக்கி வாளியில் வைத்தீர்கள். என்னுடையதை வைத்தீர்கள். அவருடையதை வைத்தீர்கள். பிறகு நிமிர்ந்து மீதி இரண்டு குவியல்களுக்கும் முன்னால் போய் நின்றுகொண்டீர்கள்.

"இது நாயளின்ர எண்டு சொல்லு."

சொன்னேன். நாய்க்கு வீட்டில் தீனி இருக்கிறது என்றார் முசியூ.

"தீனி வேற, கூறு வேற. இதில ஆரும் கை வைக்கிறேல்லை எண்டு சொல்லு."

"மாமா," என்றேன், "அவர் வேலையைத் தரமாட்டார்."

"நீ சொல்லு."

சொன்னேன். முசியூ தலையில் கை வைத்தார். பன்றியும் என்னுடையது, நாயும் என்னுடையது, இதில் உன் மாமாவுக்கு என்ன என்று கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. அதை அப்படியே உங்களிடம் சொன்னேன்.

"நாய் அவரின்ரதான்," என்றீர்கள். "ஆனா கொம்புக்கு முன்னால நிண்டது அவரில்லை, நானுமில்லை. அதுகள். நிண்டதுக்குரியதை அதுகளின்ர கண்ணுக்கு முன்னால தூக்கிக்கொண்டு போனா, பேந்து எந்த முகத்தோட அதுகளைக் காட்டுக்குள்ள அனுப்புறது?"

பிரெஞ்சில் அது நீளமாக வந்தது. நான் ஒரு சொல்லும் விடவில்லை. முசியூ கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உங்களைப் பார்க்காமல் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். அவருக்கு அந்த வேலை வேண்டுமா, வேண்டாமா?

இதை நான் சொன்னதும் நீங்கள் கொட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள். அங்கிருந்து கொட்டிலின் கூரையும் மேலறையின் சின்னக் கதவும் தெரிந்தன.

"வேணும்," என்றீர்கள். "எனக்கு வேணும் எண்டு வடிவாச் சொல்லு. நல்ல பிரெஞ்சில சொல்லு." திரும்பவும் குவியல்களைப் பார்த்தீர்கள். "ஆனா இதைத் தர ஏலாது."

இரண்டையும் சொன்னேன். முசியூ டிராக்டரில் ஏறினார். அப்படியென்றால் இல்லை என்றார். ஜாக்கெட்டை வைத்துக்கொள்ளச் சொன்னார். அதுவும் கோபமாகத்தான்.

நீங்கள் நாய்களைக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒன்றாய்க் குவியலைக் காட்டி, "சாப்பிடுங்கோ," என்றீர்கள். விருந்தாளிகளுக்குச் சொல்வது போல. பிஜு ஈரலிலிருந்து தொடங்கினாள். அவள் முடிக்கும் வரை பக்கத்தில் இருந்தீர்கள். பிறகு முசியூவின் மனைவி வந்து அவளை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார். பூட்ஸைக் கழற்றிக் கொட்டில் வாசலில் வைத்துவிட்டு நீங்கள் மேலே நிமிர்ந்து பார்க்காமல் நடந்தீர்கள்.

வானில் பூசணிகளுக்கு நடுவில் இருந்தோம்.

"நான் சொன்னது முழுக்கச் சொன்னியோ?"

"ஓம்."

"ஒண்டும் விடேல்லையோ?"

"இல்லை மாமா."

"நல்லது." வான் நகரத்துப் பாலத்தில் ஏறியது. பிறகு, "எங்கட கூறையும் கொண்டு போயிட்டான், பார்," என்று சொல்லிச் சிரித்தீர்கள். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது.

அந்தக் குளிர்காலம் முழுக்க யன்னலும் கதவும், கதவும் யன்னலும். பார்க்கில் கம்பளிச் சட்டை போட்ட குட்டி நாய் ஒன்றைக் கண்டு, "இதின்ர சட்டைக்குப் பொத்தானும் இருக்கு, என்ர ஜாக்கெட்டுக்கு இல்லை," என்றீர்கள். கோடை வந்தது, அந்தத் தோட்டத்து வானில் நீங்கள் ஏறவில்லை. நானும் ஏறவில்லை. லாசால் பக்கம் பெட்டிகள் அடுக்கும் ஒரு கிடங்கில் உங்களுக்கு வேலை கிடைத்தது. விடியற்காலையில் ஒருவருடைய காரில் நாலு பேர் சேர்ந்து போவீர்கள். மாசியில், மழை விழுந்து தெரு கண்ணாடியாய் உறைந்திருந்த ஒரு காலை, கார் வழுக்கி லொறியில் மோதியது. மற்ற மூவரும் எழுந்து வந்தார்கள்.

தேவாலயத்தில் பூசை வைத்தோம். நிலம் உறைந்திருந்ததால் சித்திரையில்தான் அடக்கம் செய்யலாம் என்றார்கள். அதுவரை உங்களை ஒரு கல் மண்டபத்தில் வைத்திருந்தார்கள். காத்திருக்க உங்களுக்கு எவ்வளவு பிடிக்காது என்று நினைத்துக்கொண்டே நான் பள்ளிக்குப் போய் வந்தேன்.

அம்மா ஒரு வாக்கியத்தை முதலில் அடுப்பிலிருந்த சட்டியைப் பார்த்துச் சொன்னார். "அண்டைக்கு வாயைப் பொத்திக்கொண்டு நிண்டிருந்தா அவன் இப்ப அந்த நாயளோட இருந்திருப்பான்." பிறகு அடிக்கடி சொன்னார். ஒருநாள் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "நீயும் ஒரு எழுத்து மாத்தாமல் அப்பிடியே சொல்லிப்போட்டாய்." திட்டுவது போல இல்லை. களைப்பாகச் சொன்னார். நான் எழுந்து நடக்கத் தொடங்கினேன்.

இவ்வளவும் ஞாயிறும் திங்களும் எழுதியவை. மேலே எழுத ஓடாமல் வைத்திருந்தேன். இன்று புதன்கிழமை. பள்ளியிலிருந்து வந்து சப்பாத்துக் கழற்றும்போது தொலைபேசி அடித்தது.

"மத்மசெல்?" என்றது குரல். முசியூ. என் குரல் மாறிவிட்டது என்றார். மறுபடி வேலி சரிந்ததாம், இரண்டு பன்றி வெளியே போய்விட்டனவாம். நான் வாயைத் திறக்குமுன் அவர் பேசிக்கொண்டே போனார், நெடுநாள் யோசித்து வைத்ததைப் போல. போன வருடமும் ஒன்று தப்பியதாம். நாய்களைக் கொண்டுபோய் மறித்துச் சுட்டாராம். முழுதாக வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பினால் பிஜு வண்டிக்குப் பின்னால் ரோட்டு வரைக்கும் நடந்து வந்து நின்றாளாம். பிறகு இரண்டு நாள் அவர் கூப்பிட்டதற்குக் கூட்டை விட்டு வரவில்லையாம். "அடுத்த தடவை அங்கேயே வெட்டினேன். இதை உன் மாமாவுக்குச் சொல்லு. அறை காலியாகத்தான் இருக்கிறது என்றும் சொல்லு."

நான் அவரை நிறுத்தி, நீங்கள் இறந்துவிட்டதைச் சொன்னேன். முதல் தடவையாக அவரிடம் யாருடைய சொல்லும் இல்லாமல் என் சொல்லை மட்டும் சொன்னேன். அது ஒரு சின்ன வாக்கியம்.

அம்மா கை துடைத்தபடி வந்தார். "ஆரடி?"

"பண்ணைக்காரர்."

"என்னவாம்?"

முழுவதையும் சொன்னேன். ரோட்டு வரைக்கும் வந்த நாயை, அங்கேயே வெட்டியதை, அறையை. அம்மா சுவரில் தோளைச் சாய்த்தார்.

"அப்ப அவன் சொன்னது சரியெண்டு சொல்றாரோ?"

"ஓம் அம்மா."

"இப்ப சொல்லி?" என்றார் அம்மா. ரிசீவரை நான் இன்னும் வைக்கவில்லை. "சொல்லன் அவருக்கு. நான் கேட்டதெண்டு சொல்லு. இப்ப சொல்லி என்னத்துக்கு?"

சொன்னேன். நல்ல பிரெஞ்சில், ஒன்றும் குறைக்காமல்.  மனைவி போன குளிர்காலமே கூப்பிடச் சொன்னதாகவும் தான்தான் கூப்பிடவில்லை என்றும் கடைசியில் சொன்னார். அதையும் தமிழில் சொன்னேன். அம்மா கேட்டுவிட்டுக் கையிலிருந்த துணியை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"அந்த நாய்க்குக் காயம் ஆறிட்டுதோ எண்டு கேள்."

ஆறிவிட்டதாம். மயிர் மட்டும் அந்த இடத்தில் திரும்ப முளைக்கவில்லையாம். அம்மா தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனார். நான் ரிசீவரை வைத்தேன். அந்த வாக்கியத்தை அம்மா இனிச் சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன்.

ஆனால் நான் நிற்கவில்லை, மாமா. அப்போதிருந்து நடந்துகொண்டே, அன்று தோப்பில் நான் சொன்னவற்றுக்குப் பதிலாக வேறு பிரெஞ்சு வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்தேன். 'மாமா மன்னிப்புக் கேட்கிறார்.' 'நீங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்.' எனக்கு அவை எவ்வளவு சுலபமாக வருகின்றன. முசியூ தலையாட்டுகிறார். குனிந்து பிஜுவின் குவியலுக்குக் கையை நீட்டுகிறார். அங்கே வந்ததும் ஒவ்வொரு முறையும் அது முறிந்துபோகிறது. ஏனென்றால் நீங்கள் விலகவில்லை. நான் என்ன சொல்லியிருந்தாலும் அவருடைய கைக்கு முன்னால் உங்கள் கால்கள் இருந்திருக்கும்.

இது ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை. நடப்பதை இது நிறுத்தவில்லை. ஆனாலும் நடக்கும்போது கூட வருவது இதுதான்: அளவுக்குப் பெரிய அந்த ரப்பர் பூட்ஸ், சேற்றில் பாதி புதைந்து, இரண்டு குவியல்களுக்கு முன்னால், அசையாமல்.